டெக்சாஸ்ல சிஆர்என்ஏ-க்கு உண்மையில எவ்ளோ கிடைக்கும்: ஆஃபர் லெட்டரை வச்சு கணக்கு போடறது எப்படி

டெக்சாஸ்ல நர்ஸ் அனஸ்தெடிஸ்ட், அதாவது ஆபரேஷனுக்கு மயக்க மருந்து (அனஸ்தீசியா) குடுக்கற சிஆர்என்ஏ, எவ்ளோ சம்பாதிக்கிறாங்கன்னு நாலு பேர் கிட்ட கேட்டா நாலு நம்பர் வரும். ஒருத்தர் 1,90,000 டாலர்ம்பார், இன்னொருத்தர் 3 லட்சத்துக்கு மேலம்பார், ரெண்டு பேருமே பொய் சொல்லல, முதல் ஆள் வாரம் 36 மணி நேரம் கால் ட்யூட்டி (கூப்பிட்டா உடனே போக வேண்டிய முறை) எதுவும் இல்லாம ஆஸ்பத்திரி பேரோல்ல இருப்பார், ரெண்டாவது ஆள் 1099-ல, அதாவது யார் பேரோல்லயும் இல்லாம சொந்த ஒப்பந்தத்துல, ஊர் ஊரா லோக்கம் (தற்காலிக வேலை) பாக்கறவரா இருப்பார். அதனால நம்பரை மட்டும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாத்து ஒரு பிரயோஜனமும் இல்ல. கையில ஒரு ஆஃபர் வந்தா அதை எப்படி மணிக்கணக்கா உடைச்சு, டேக்ஸ் கழிச்சு, பெனிஃபிட்டை சேத்து பாக்கறதுன்னுதான் இங்க சொல்லப் போறேன். ஐசியூ-ல நர்ஸா இருந்துக்கிட்டு இந்தப் படிப்புக்கு போலாமா வேணாமான்னு யோசிக்கிறவங்களும் இதே கணக்கை போட்டு பாத்துக்கலாம்.

அரசாங்க நம்பரை எப்படி படிக்கணும்

எல்லாரும் முதல்ல போய் நிக்கிற இடம் பிஎல்எஸ், அமெரிக்க தொழிலாளர் புள்ளிவிவர ஆபீஸ். அங்கயே நிறைய பேர் தடுக்கி விழறாங்க, ஏன்னா அவங்களோட தொழில் கையேட்டுல நர்ஸ் அனஸ்தெடிஸ்ட், நர்ஸ் மிட்வைஃப், நர்ஸ் பிராக்டிஷனர் மூணையும் ஒரே பக்கத்துல போட்டு, மேல பெருசா 2024 மே மாச மீடியன் 1,32,050 டாலர்னு காட்டுவாங்க. அதை பாத்துட்டு "இவ்ளோதானா"ன்னு மூடிட்டு போயிடாதீங்க. அதே பக்கத்துல சம்பளப் பகுதிக்கு கீழ இறங்கினா நர்ஸ் அனஸ்தெடிஸ்ட்டுக்கு மட்டும் தனியா 2,23,210 டாலர்னு இருக்கும். அது நாடு முழுக்க உள்ள மீடியன், அதாவது பாதி பேர் அதுக்கு மேல, பாதி பேர் அதுக்கு கீழ. ஒப்பிட்டு பாக்கணும்னா அதே சமயம் சாதாரண ஆர்என்-க்கு (ரிஜிஸ்டர்டு நர்ஸ்) 93,600.

டெக்சாஸ் நம்பர் வேணும்னா அந்தப் பக்கத்துல தேடாதீங்க, பிஎல்எஸ்-லயே தொழில்வாரி சம்பள சர்வேன்னு தனியா இருக்கு, அதுல 29-1151ங்கிற கோடுதான் நம்ம வேலை. மாநிலத்தையும் செலக்ட் பண்ணலாம், ஹூஸ்டன், டல்லஸ், சான் அன்டோனியோன்னு மெட்ரோவையும் செலக்ட் பண்ணலாம், பண்ணிட்டு சராசரியை விட்டுட்டு 25, 50, 75-ஆவது பெர்சன்டைல் மூணையும் எழுதி வச்சுக்கோங்க (25-ஆவதுன்னா நூறு பேர்ல 25 பேர் அதுக்கு கீழ வாங்கறாங்கன்னு அர்த்தம்). புதுசா பாஸ் பண்ணவங்க 25 பக்கம் இருந்து ஆரம்பிச்சு பேசறது நியாயமா இருக்கும்.

இந்த நம்பர்ல மூணு ஓட்டை இருக்கு. ஒண்ணு, இது சம்பளக்காரங்க சர்வே, சொந்தமா 1099-ல வேலை பாக்கறவங்க இதுல வரவே மாட்டாங்க, நம்ம தொழில்ல நல்லா சம்பாதிக்கிறவங்கள்ல கணிசமான ஆளுங்க அங்கதான் இருக்காங்க. ரெண்டாவது, ஓவர்டைம், ஷிஃப்ட் டிஃபரென்ஷியல் (ராத்திரி, வார கடைசி ஷிஃப்டுக்கு தர்ற கூடுதல்), சைன்-ஆன் போனஸ் (வேலைக்கு சேரும்போது தர்றது) எதுவும் இதுல சேராது. மூணாவதுதான் சுவாரஸ்யமானது, மணிக்கு 115 டாலர், அதாவது வருஷத்துக்கு 2,39,200 டாலரை தொட்டுட்டா அந்த இடத்துல நம்பரே போட மாட்டாங்க, "இதுக்கு சமம் இல்லன்னா இதுக்கு மேல"ன்னு ஒரு குறி மட்டும் இருக்கும். 75, 90-ஆவது பெர்சன்டைல் கட்டத்துல அந்த குறியை பாத்தா டேட்டா இல்லைன்னு நினைச்சுக்காதீங்க, உச்சவரம்பு தாண்டிடுச்சுன்னு அர்த்தம். போதாததுக்கு மூணு வருஷ சர்வேயை ஒண்ணா சேத்து போடற நம்பர் இது, அதனால மார்க்கெட் வேகமா ஏறும்போது கொஞ்சம் பின்னாடியேதான் வரும்.

ஆக, பிஎல்எஸ் நம்பரை தரையா எடுத்துக்கோங்க, கூரையா எடுத்துக்காதீங்க.

ஒரே மாநிலத்துல ஏன் இவ்ளோ வித்தியாசம்

இதை புரிஞ்சுக்க அனஸ்தீசியாவுக்கு பில் எப்படி போடறாங்கன்னு தெரிஞ்சிருக்கணும். ஒவ்வொரு சர்ஜரிக்கும் பேஸ் யூனிட்னு ஒண்ணு ஃபிக்ஸ் பண்ணிருக்காங்க, அதோட 15 நிமிஷத்துக்கு ஒரு யூனிட்னு டைம் யூனிட் சேரும், மொத்தத்தை ஒரு யூனிட்டுக்கு இத்தனை டாலர்ங்கிற ரேட்டால பெருக்கணும். லேப்ரோஸ்கோப்பில பித்தப்பை எடுக்கிற கேஸை எடுத்துக்கோங்க, பேஸ் 7 யூனிட், ஒன்றரை மணி நேரம் ஆச்சுன்னா டைம் 6 யூனிட், மொத்தம் 13. மெடிகேர் (முக்கியமா வயசானவங்களுக்கான அரசாங்க இன்சூரன்ஸ்) ஒரு யூனிட்டுக்கு குடுக்கிறது ஏறக்குறைய 20 டாலர். அப்போ அந்த கேஸுக்கு வர்றது 260 டாலர் சொச்சம். இதுவே பிரைவேட் இன்சூரன்ஸ்னா ரேட் பல மடங்கு. இப்ப யோசிச்சு பாருங்க, வயசானவங்களும் மெடிகெய்டு (வருமானம் குறைஞ்சவங்களுக்கான அரசாங்க இன்சூரன்ஸ்) வச்சிருக்கிறவங்களும் அதிகமா வர்ற ஆஸ்பத்திரியில நாள் முழுக்க கேஸ் ஓடினாலும் அனஸ்தீசியா பில்லுல இருந்து மட்டும் உங்க சம்பளம் கட்டுப்படியாகாது, ஆஸ்பத்திரி கைக்காசை போட்டு அங்க அனஸ்தீசியா வேலையை காண்ட்ராக்ட்ல பாக்கற குரூப்புக்கு சப்சிடி (ஸ்டைபண்ட்) குடுத்தாதான் ஓடும். இன்டர்வியூல "உங்க குரூப்புக்கு ஆஸ்பத்திரி ஸ்டைபண்ட் குடுக்குதா, காண்ட்ராக்ட் எப்ப ரினியூவல்"னு கேளுங்க. அது ஒண்ணும் அதிகப்பிரசங்கித்தனம் இல்ல, அந்த காண்ட்ராக்ட் கை மாறினா உங்க வேலையும் சம்பளமும் சேந்துதான் கை மாறும்.

அடுத்தது யார் கூட வேலை பாக்கறீங்கங்கிறது. ஹூஸ்டன், டல்லஸ் பெரிய ஆஸ்பத்திரிகள்ல பெரும்பாலும் டீம் மாடல்தான், ஒரு அனஸ்தீசியாலஜிஸ்ட் (மயக்க மருந்து டாக்டர்) ஒரே நேரத்துல நாலு ரூம் வரைக்கும் சிஆர்என்ஏ-க்களை வழிநடத்தி, அதாவது மெடிக்கல் டைரக்‌ஷன்ல பாக்கலாம், அப்படி பில் பண்ணா மெடிகேர் பணத்துல டாக்டருக்கு பாதி சிஆர்என்ஏ-க்கு பாதி. டைரக்‌ஷன் இல்லாம சிஆர்என்ஏ தனியா பாத்து க்யூஇசட் மாடிஃபையர்ல (பில்லுல போடற ஒரு குறியீடு) பில் பண்ணா முழுசும் சிஆர்என்ஏ பக்கம் வரும். 2001-ல வந்த மெடிகேர் விதிப்படி கவர்னர் எழுதிக் குடுத்தா டாக்டர் மேற்பார்வை கட்டாயத்துல இருந்து மாநிலம் விலகிக்கலாம், முதல்ல விலகினது அயோவா. டெக்சாஸ் அந்த லிஸ்ட்ல இல்ல. ஆனா மேற்பார்வைக்கு அனஸ்தீசியாலஜிஸ்ட்தான் வேணும்னு அந்த விதி சொல்லல, ஆபரேஷன் பண்ற சர்ஜனே போதும், அதனாலதான் மேற்கு டெக்சாஸ் பக்கம் சின்ன ஊர் ஆஸ்பத்திரிகள்ல சிஆர்என்ஏ மட்டுமே வச்சு முழு அனஸ்தீசியாவும் ஓடுது.

அந்த சின்ன ஊர்கள்ல சம்பளம் ஏன் அதிகம்னா, ஆள் கிடைக்காதது ஒரு காரணம். இன்னொண்ணு பலருக்கு தெரியாது, வருஷத்துக்கு அனஸ்தீசியா கேஸ் 800-க்கு மேல போகாத கிராமத்து ஆஸ்பத்திரிகளுக்கு மெடிகேர்ல ஒரு தனி ஏற்பாடு இருக்கு, தகுதி இருந்தா சிஆர்என்ஏ-க்கு ஆகிற செலவை யூனிட் கணக்குல இல்லாம நியாயமான செலவு கணக்குலயே திருப்பி வாங்கிக்கலாம். சிட்டியில இதுக்கு நேர் மாறு. ஃபோர்ட் வொர்த்ல டெக்சாஸ் வெஸ்லியன், டிசியு, ஹூஸ்டன்ல பேலர் காலேஜ் ஆஃப் மெடிசின், யூடி ஹெல்த்னு இந்தப் படிப்பு உள்ள இடங்கள்ல இருந்து வருஷா வருஷம் புது ஆளுங்க வெளிய வந்துக்கிட்டே இருக்காங்க, அவங்கள்ல பல பேர் குடும்பம் குட்டியோட அதே ஊர்ல இருக்கணும்னு பாப்பாங்க, அப்போ சிட்டி ஆஸ்பத்திரி ரேட்டை ஏத்தறதுக்கு அவ்ளோ அவசரப்படாது.

ஆஃபரை மணிக்கணக்கா உடைக்கறது

இப்ப கணக்குக்கு வருவோம். ஒரு ஆஃபர் வருதுன்னு வச்சுக்கோங்க, டபிள்யூ-2 (ஆஸ்பத்திரி பேரோல்ல சம்பளம்), வருஷம் 2,30,000, வாரம் 40 மணி நேரம், லீவு 6 வாரம். நிறைய பேர் இதை 2,080 மணி நேரத்தால வகுத்து மணிக்கு 110 டாலர் சொச்சம்பாங்க. அது தப்பு, நீங்க வேலை பாக்கறது 46 வாரம்தான், 1,840 மணி நேரம், அப்போ வேலை பாத்த மணிக்கு 125 டாலர். இந்த 125-தான் உங்க உண்மையான ரேட், வேற எந்த ஆஃபர் வந்தாலும் இதோடதான் ஒப்பிடணும்.

கால் ட்யூட்டி இருந்தா இந்த நம்பர் சரிய ஆரம்பிக்கும். கால்ல ரெண்டு விதம், ஆஸ்பத்திரியிலயே தங்கறது ஒண்ணு, வீட்ல பீப்பரோட இருக்கிறது ஒண்ணு. வீட்டு காலுக்கு மணிக்கு ஏதோ சில டாலர் குடுப்பாங்க, கூப்பிட்டா கால்பேக் ரேட். கேக்க வேண்டியது என்னன்னா, மாசத்துக்கு எத்தனை கால், கூப்பிட்டா குறைஞ்சபட்சம் எத்தனை மணி நேரத்துக்கு பணம், எத்தனை நிமிஷத்துக்குள்ள போய் சேரணும், ராத்திரி முழுக்க கேஸ் போச்சுன்னா அடுத்த நாள் லீவா, அந்த லீவு உங்க பிடிஓ-ல (சம்பளத்தோட உள்ள லீவு) கழியுமா. கடைசி கேள்விதான் முக்கியம், அதை யாரும் தானா சொல்ல மாட்டாங்க. அப்புறம் அங்க ஏற்கனவே வேலை பாக்கற சிஆர்என்ஏ யாரையாவது பிடிச்சு "போன மாசம் எத்தனை தடவை ராத்திரி எழுந்து போனீங்க"ன்னு கேளுங்க. ரெக்ரூட்டர் சொல்ற "எப்பவாவதுதான்"கிறதுக்கும் அவங்க சொல்றதுக்கும் நடுவுல பெரிய பள்ளம் இருக்கும். பிரசவ வார்டு உள்ள ஆஸ்பத்திரியா ட்ராமா சென்டரா, இல்ல பகல்ல மட்டும் ஓடற சர்ஜரி சென்டரா, இதுலயே பாதி பதில் தெரிஞ்சிடும்.

ஆஃபர்ல 40-ன்னு போட்டிருந்தாலும் கேஸ் இழுத்துக்கிட்டு போனா யாரு ரிலீவ் பண்ணுவாங்க, 40-க்கு மேல போற மணிக்கு ஒன்றரை மடங்கா, அதே ரேட்டா, இல்ல ஒண்ணுமே இல்லையா, இதையும் எழுத்துல வாங்கிடுங்க. வாரம் 5 மணி நேரம் சும்மா கூட பாத்தீங்கன்னா உங்க 125 மடமடன்னு 111-க்கு இறங்கிடும்.

டேக்ஸ் போக கையில எவ்ளோ

டெக்சாஸோட பெரிய ப்ளஸ் மாநில வருமான வரி கிடையாது. அதே 2,30,000-த்தை 2025 கணக்குல, தனி ஆள், 401கே-ல (ரிட்டயர்மென்ட் சேமிப்பு) 23,500 போடறார்னு வச்சு பாப்போம். ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் 15,750 போச்சுன்னா வரி போடற வருமானம் 1,90,750, ஃபெடரல் வரி ஏறக்குறைய 38,600. சோஷியல் செக்யூரிட்டி 1,76,100 வரைக்கும் 6.2 சதவீதம், மெடிகேர் 1.45, ரெண்டு லட்சத்துக்கு மேல போறதுக்கு இன்னொரு 0.9, எல்லாம் சேந்து 14,500 சுமார். மிச்சம் 1,53,000 சொச்சம், மாசம் 12,700 பக்கம், அதுல இருந்து ஹெல்த் இன்சூரன்ஸ் பிரீமியம் போகும்.

இதே சம்பளத்தை கலிஃபோர்னியாவுல வாங்கினா, அதே 2025 கணக்குல, மாநில வரியும், சம்பளம் முழுசுக்கும் பிடிக்கிற எஸ்டிஐ (உடம்பு முடியாம போனா உதவற மாநில இன்சூரன்ஸ்) 1.2 சதவீதமும் சேந்து சுமாரா 18,000 டாலர் கூடுதலா போகும். அதனால அங்க 2,60,000 குடுக்கறாங்கன்னு கேள்விப்பட்டு வயிறு எரியறதுக்கு முன்னாடி வரியையும் வாடகையையும் போட்டு பாத்துக்கோங்க. அதுக்காக டெக்சாஸ்ல எல்லாமே லாபம்னும் இல்ல, வீடு வாங்கினா ப்ராப்பர்டி டேக்ஸ் தீட்டிடுவாங்க, ஆஸ்டின் பக்கம் ஒரு நல்ல வீட்டுக்கு அந்த வரி மட்டுமே வருஷத்துக்கு அஞ்சு இலக்கத்துல வரும்.

1099-னு சொன்னா வாயை பிளக்காதீங்க

மணிக்கு 160 டாலர் 1099-ன்னு ஒரு ஆஃபர் வருதுன்னு வைங்க. 1,840 மணி நேரத்துக்கு 2,94,400. மேல பாத்த டபிள்யூ-2 ஆஃபரை விட 64,400 அதிகம். இப்ப கழிக்க ஆரம்பிங்க. சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் ரெண்டு பக்க பங்கையும் நீங்களே கட்டணும், அதுல மட்டும் 15,000-க்கு மேல கூடுதல். குடும்பத்துக்கு ஹெல்த் இன்சூரன்ஸ் சொந்தமா எடுத்தா 20,000 டாலரை சர்வசாதாரணமா தாண்டும். 401கே மேட்ச் (ஆஸ்பத்திரி தன் பங்குக்கு போடறது) 5 சதவீதம் கிடைச்சிருக்கும்னா அது 11,500 போச்சு. ஏஜென்ஸி மால்ப்ராக்டிஸ் இன்சூரன்ஸ் (சிகிச்சையில தப்புன்னு வர்ற வழக்குக்கு) குடுக்கலன்னா அது இன்னும் சில ஆயிரம். இத்தனையும் போனா அந்த 64,000 வித்தியாசம் 12, 13 ஆயிரத்துல வந்து நிக்கும், நடுவுல ஒரு மாசம் கேஸ் இல்லன்னு ஷிஃப்டை கேன்சல் பண்ணாங்கன்னா அதுவும் அம்பேல்.

அதனால 1099 மோசம்னு சொல்லல. வீட்டுக்காரர் இல்ல வீட்டுக்காரம்மா வேலையில குடும்பத்துக்கே இன்சூரன்ஸ் இருந்தா மேல சொன்ன 20,000 அப்படியே மிச்சம், கணக்கே மாறிடும். சோலோ 401கே-ல (தனி ஆளா தொழில் பண்றவங்களுக்கான 401கே) 2025-க்கு 70,000 வரைக்கும் ஒதுக்கலாம், லைசன்ஸ், சிஇ (தொடர் படிப்பு), வேலைக்காக தற்காலிகமா போற ஊருக்கான பயணம் எல்லாம் செலவு கணக்குல போகும், சுயதொழில் வரியில பாதியை வருமானத்துல கழிச்சுக்கலாம். இன்னொண்ணு, க்யூபிஐ-ன்னு சொந்தத் தொழில் வருமானத்துல 20 சதவீத கழிவு ஒண்ணு இருக்கு, ஹெல்த் துறைக்காரங்களுக்கு வருமானம் ஏறினா அது கட் ஆகும்னு ஒரு நிபந்தனை இருக்கிறதால நிறைய பேர் நமக்கு வராதுன்னு விட்டுடறாங்க, ஆனா கணவன் மனைவி சேந்து ஃபைல் பண்ணி, வரி போடற வருமானம் 3,94,600-க்குள்ள இருந்தா 2025-ல முழுசா கிடைக்கும். இதுக்கு சிஆர்என்ஏ கிளையன்ட்ஸ் வச்சிருக்கிற சிபிஏ (ஆடிட்டர்) ஒருத்தரை பிடிங்க, சும்மா ஃபார்ம் நிரப்பி குடுக்கறவர் பத்தாது.

என் கை கணக்கு, டபிள்யூ-2 மணி ரேட்டை விட 1099 ரேட் கால் பங்காவது மேல இல்லன்னா அதை திரும்பிக்கூட பாக்க மாட்டேன்.

கையெழுத்துக்கு முன்னாடி பாக்க வேண்டிய சின்ன எழுத்து

மால்ப்ராக்டிஸ் பாலிசி ஆக்கரன்ஸா (பாலிசி இருந்தப்ப நடந்ததுக்கு எப்ப வழக்கு வந்தாலும் கவர்) க்ளெய்ம்ஸ்-மேடா (பாலிசி ஓடும்போது வர்ற வழக்குக்கு மட்டும் கவர்) பாருங்க. க்ளெய்ம்ஸ்-மேடுன்னா வேலையை விட்டப்புறம் வர்ற கோர்ட் வழக்குக்கு டெயில் கவரேஜ்னு தனியா ஒண்ணு வேணும், அந்த டெயிலை யார் வாங்கித் தரணும்னு காண்ட்ராக்ட்ல ஒரு வரி இருக்கணும். இல்லன்னா விட்டுட்டு போற அன்னிக்கு பில் உங்க தலையில விழும்.

சைன்-ஆன் போனஸ் 40,000, 50,000-னு ஆசை காட்டுவாங்க. ரெண்டு மூணு வருஷம் இருக்கணும்னு அதுல கொக்கி இருக்கும். பாதியில போனா வருஷத்துக்கு தகுந்த மாதிரி குறைச்சு கேப்பாங்களா, இல்ல மொத்தமும் கேப்பாங்களா? வரி பிடிச்சது போக கையில வாங்கினதை கேப்பாங்களா, பிடிக்கிறதுக்கு முன்னாடி இருந்த தொகையை கேப்பாங்களா? முழுத் தொகையை கேட்டா நீங்க வாங்காத காசையும் சேத்து திருப்பற நிலைமை வரும், வரியை திரும்ப வாங்கறது அடுத்த வருஷத்து தலைவலி. போனஸை மூணு வருஷத்துக்கு வகுத்து சம்பளத்தோட சேத்து பாருங்க, 45,000-னா வருஷம் 15,000, மணிக்கு 8 டாலர் சொச்சம், அவ்ளோதான். எதிர் ஆஸ்பத்திரி போனஸே இல்லாம மணிக்கு 10 டாலர் கூட குடுத்தா அதான் பெட்டர், மூணு வருஷம் கழிச்சும் அது உங்க கூடவே இருக்கும்.

நான்-கம்பீட் (வேலையை விட்டா பக்கத்துல வேற ஆஸ்பத்திரியில சேரக்கூடாதுங்கிற தடை) விஷயத்துல டெக்சாஸ்காரங்களுக்கு இப்ப ஒரு நல்ல சேதி. 2025 செப்டம்பர் 1-ல இருந்து போடற இல்ல ரினியூ பண்ற ஒப்பந்தங்களுக்கு எஸ்பி 1318-ங்கிற சட்டம் வந்திருக்கு, முன்ன டாக்டர்களுக்கு மட்டும் இருந்த பாதுகாப்பு நர்ஸ்களுக்கும் வந்துடுச்சு. தடை ஒரு வருஷத்துக்கு மேல போகக்கூடாது, வேலை பாத்த இடத்துல இருந்து அஞ்சு மைல் தூரத்துக்கு மேல போகக்கூடாது, காசு குடுத்து தடையில இருந்து வெளிய வர்ற வழி இருக்கணும், அந்த தொகை உங்க ஒரு வருஷ சம்பளத்தை தாண்டக்கூடாது. ஹெச்ஆர் பழைய டெம்ப்ளேட்டையே நீட்டி 25 மைல்னு போட்டிருந்தா இந்த சட்டத்தை சொல்லி மாத்தச் சொல்லுங்க. ஹூஸ்டன் மெடிக்கல் சென்டர் மாதிரி இடத்துல அஞ்சு மைலே பெரிய விஷயம், சுத்தி எத்தனை ஆஸ்பத்திரி வருதுன்னு மேப்ல ஒரு தடவை பாத்துட்டு பேசுங்க.

படிக்கப் போறவங்களுக்கு ஒரு கணக்கு

2022-ல இருந்து சேர்ற எல்லாருக்கும் டாக்டரேட் லெவல் ப்ரோகிராம்தான், மூணு வருஷம். அதுக்கு முன்னாடி குறைஞ்சது ஒரு வருஷம் ஐசியூ மாதிரி க்ரிட்டிக்கல் கேர் அனுபவம் வேணும், நடைமுறையில ரெண்டு மூணு வருஷம் வச்சிருக்கிறவங்களோடதான் போட்டி போடணும். படிக்கும்போது வேலை பாக்கறது ஏறக்குறைய முடியாத காரியம், அதனால செலவு ஃபீஸ் மட்டும் இல்ல. ஆர்என் மீடியன் 93,600-னு வச்சாலே மூணு வருஷத்துல 2,80,000 டாலர் சம்பளம் போகுது, அதையும் ஃபீஸோட சேத்து எழுதுங்க. பாஸ் பண்ணப்புறம் ஆர்என்-க்கும் சிஆர்என்ஏ-க்கும் இடையில வருஷத்துக்கு 1,30,000 வித்தியாசம், வரி போக 85, 90 ஆயிரம்னு வைங்க. போட்டதை எடுக்க அஞ்சு வருஷம் ஆனாலும் ஆகலாம். 30 வயசுல அது நல்ல டீல், 50 வயசுல சேர்றவங்க பேப்பர் பேனாவோட உக்காந்து யோசிக்கணும். கடன் பக்கமும் பாத்துக்கோங்க, 2026 ஜூலை 1-ல இருந்து புதுசா கடன் வாங்கறவங்களுக்கு கிராட் ப்ளஸ்ங்கிற அரசாங்க மேற்படிப்பு லோன் கிடையாது, மத்த அரசாங்க லோன் போதலன்னா மிச்சத்துக்கு பிரைவேட் லோன் பக்கம் போக வேண்டி வரலாம்.

இதனாலதான் படிக்கும்போதே மாசா மாசம் ஸ்டைபண்ட் குடுக்கறோம், முடிச்சதும் எங்க கிட்ட இத்தனை வருஷம் வேலை பாக்கணும்னு வர்ற ஆஃபர்களுக்கு இப்ப மவுசு கூடிடுச்சு. மாசம் 2,000 வீதம் 18 மாசம் குடுத்தா 36,000. அதுக்கு பதிலா மூணு வருஷம் மார்க்கெட்டை விட மணிக்கு 10 டாலர் குறைவா வேலை பாத்தீங்கன்னா நீங்க விட்டுக் குடுக்கறது 55,000. ரேட்டை இன்னிக்கே ஃபிக்ஸ் பண்ணாம "சேரும்போது அந்த ஊர்ல புது ஆளுங்களுக்கு என்ன ரேட்டோ அது"ன்னு எழுத சம்மதிச்சா வாங்கிக்கோங்க, சம்மதிக்கலன்னா அந்த 36,000-த்தை வேற இடத்துல வட்டிக்கு கடன் வாங்கினா எவ்ளோ ஆகும்னு பாத்துட்டு அப்புறம் கையெழுத்து போடுங்க.